பத்து வருட நேர்த்தி

வில்கமுவ
19.3.2023

அன்புள்ள விஜிதா மச்சாளுக்கு,

என் நம்பரை பிளாக் செய்துவிட்டீர்கள். உங்கள் தம்பி, என் கணவர் கிஷாந்திடம் சொல்லி அனுப்பலாம் என்றால், "ரெண்டு பேருக்கும் நடுவுல நான் மத்தளமாக மாட்டேன்" என்று சொல்லிவிட்டு சீகிரியாவுக்கு ஹோட்டல் வேலைக்குப் போய்விட்டார். அதனால் தபால்காரரை நம்பி எழுதுகிறேன். கடிதத்தை பிளாக் செய்ய முடியாது, கிழிக்கலாம். கிழிக்கிறதாக இருந்தால் ஒருமுறை வாசித்துவிட்டுக் கிழியுங்கள்.

தேர் அன்று மோர்ப் பந்தலில் நான் சொன்னது பிழையில்லை, சொன்ன இடம்தான் பிழை. அத்தனை சொந்தக்காரருக்கும் மோர் வார்த்துக்கொண்டு, உங்கள் தாடை சுகமான கதையை நீங்கள் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், போன் டோர்ச்சை உங்கள் வாய்க்கு நேரே பிடித்து, "இது சுகமாகேல்லை மச்சாள், திரும்ப வந்திட்டுது" என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். சொன்ன விஷயத்துக்குக் கேட்க மாட்டேன்.

நான் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்கிறவள்தான், டொக்டர் இல்லை. ஆனால் 2017இல் கண்டியில் உங்கள் தாடைக்குள்ளிருந்து எடுத்தது எந்த மாதிரிக் கட்டி என்று எனக்குத் தெரியும். கலியாணம் கட்டி வந்த புதிதில் அந்த கிளினிக் அட்டையை நீங்களேதான் எனக்குக் காட்டினீர்கள். அது புற்றுநோய் இல்லை, நீர்க்கட்டிதான். ஆனால் மற்ற நீர்க்கட்டிகளைப் போல அடங்கிக் கிடக்கிற சாதி இல்லை. அதன் தோல் நனைந்த கடதாசி போல மெல்லியது. எடுக்கும்போது கிழியும். கிழிந்த துண்டு ஒன்று எலும்பில் ஒட்டிக் கிடந்தாலும் அதிலிருந்து மறுபடி வரும். முகம் வீங்க முந்தியே எலும்புக்குள் நீளமாக ஓடிவிடும், நோகவும் நோகாது. அதனால்தான் வருடா வருடம் படம் எடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். நீங்கள் ஒரு வருடம் கூடப் போகவில்லை.

அன்று நான் பார்த்தது இதுதான். வலது பக்கத்துக் கடைசிப் பல் சரிந்திருக்கிறது. அதற்குப் பின்னால் பல்முரசு உப்பியிருக்கிறது. தயவுசெய்து ஒரு எக்ஸ்ரே எடுங்கள். எடுத்துவிட்டு என்னோடு கோபமாகவே இருங்கள்.

லோஜனா


பலாபத்வல
2.4.2023

லோஜனாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கொச்சிக்காய் காயப்போட விரிக்கிறதற்கு அம்மா அதைக் கேட்டார். கொடுக்கவில்லை, அந்த மட்டுக்கு சந்தோஷப்படு.

முதலில் ஒன்று. மச்சாள் மச்சாள் என்று எழுதாதே. எங்கள் பக்கத்தில் புருஷனுடைய அக்காளை அண்ணி என்பார்கள். உங்கள் யாழ்ப்பாணத்துப் பழக்கத்தை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்.

நான் யார் என்று உனக்குத் தெரியுமா? தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். பத்தாம் வகுப்போடு நின்றவள். இன்றைக்கு ஏ ஒன்பது ரோட்டில் போகிற டூரிஸ்ட் பஸ்காரர்களிடம் கேட்டுப் பார். எங்கள் ஸ்பைஸ் கார்டனில் கறுவாவையும் மிளகையும் சாதிக்காயையும் ஐந்து பாஷையில் சொல்கிறவள் நான் ஒருத்திதான். ஜெர்மன்காரர் வந்து இறங்கினால் முதலாளி ஜிப்ரி, "விஜிதா எங்க?" என்றுதான் முதலில் கேட்பார். எல்லாம் காதால் கேட்டுப் பிடித்தது. எனக்கென்று இருக்கிற சொத்து இந்த வாய். அதற்குள் டோர்ச் அடிக்க உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

நான் ஏன் கண்டிக்குப் போகவில்லை என்று கேட்கிறாய். ஆபரேஷனுக்கு முதல் நாள் அம்மா மஞ்சள் துணியில் காசு முடிந்து மாரியாத்தாளுக்கு நேர்ந்தார். சுகமானதும் பாற்குடம் எடுத்து, வெள்ளியில் தாடை செய்து உண்டியலில் போட்டோம். ஆசாரியிடம் கண் இருந்தது, கால் இருந்தது, தொட்டில் கூட இருந்தது. தாடை கேட்டு வந்த முதல் ஆள் நான்தானாம். என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அளந்து செய்தார். அதைப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "நேர்த்தி முடிச்சாச்சு. இனிமே படம் கிடம்னு ஆஸ்பத்திரி வாசல மிதிச்சா ஆத்தாவ சந்தேகப்படுறோம்னு அர்த்தம்."

எங்கள் குடும்பத்தில் நேர்த்தி தவறினவர்கள் யாரும் இல்லை. நானும் தவற மாட்டேன். நீ படித்தவள், உனக்கு இதெல்லாம் சிரிப்பாக இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

எனக்கு ஒன்றும் இல்லை. போன கிழமை கூட ஒரு பை முறுக்குத் தின்றேன், இடது பக்கத்தால் கடகடவென்று.

விஜிதா


வில்கமுவ
12.4.2023

விஜிதா மச்சாளுக்கு,

அண்ணி என்று எழுதிப் பார்த்தேன், வேறு யாருக்கோ எழுதுகிற மாதிரி இருந்தது. கோபிக்காதீர்கள்.

நான் சிரிக்கவில்லை. வெள்ளித் தாடையைப் பற்றி வாசித்தபோது நீங்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்க வேண்டும் போல இருந்தது.

புத்தாண்டு லீவு விட முந்தி ஒரு பள்ளிக்கூடத்துக்கு ட்ராக்டரில் போனேன். பஸ் எப்போதாவதுதான் வரும். வயலில் வேலை செய்கிற வீட்டுப் பிள்ளைகள், வரிசையாக நின்றார்கள். "எனக்கு ஒண்டும் இல்லை மிஸ்" என்று கேட்காமலே சொல்கிற பிள்ளையைத்தான் நான் முதலில் கதிரையில் இருத்துவேன்.

உங்களிடம் ஒரு கேள்விதான் இருக்கிறது. முறுக்கை ஏன் இடது பக்கத்தால் தின்றீர்கள்?

லோஜனா


பலாபத்வல
11.6.2023

லோஜனாவுக்கு,

உன் ஒற்றைக் கேள்விக்கு இவ்வளவு நாளாகப் பதில் எழுதவில்லை. கோபத்தில் என்று நினைத்துக்கொள், அதுதான் எனக்கு மரியாதை.

போன வாரம் இத்தாலிக்காரர் ஒரு பஸ் நிறைய வந்தார்கள். கறுவாவை உரித்துக் காட்டிவிட்டு மிளகுக்கு வந்தேன். பேசிக்கொண்டிருக்கும்போதே வாய்க்குள் உப்பாக ஏதோ கசிந்தது. விழுங்கிவிட்டுச் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தேன். பிறகு எல்லோரும் இருந்து மூலிகைத் தேநீர் குடித்தோம். முன்னால் இருந்த ஒரு அம்மாள் எழுந்து வந்து தன் கைக்குட்டையால் என் நாடியைத் துடைத்தாள். தேநீர் வழிந்து சாரி வரைக்கும் வந்திருக்கிறது. கீழுதட்டில் வலது பக்கம் மரத்துப்போய், எனக்குத் தெரியவே இல்லை. வாயால் பிழைக்கிறவளுக்குத் தன் வாயில் நடக்கிறது இன்னொருத்தி துடைத்துத்தான் தெரிகிறது. அன்றைக்கு கொக்கோ மரத்துக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். இதை எழுதிவிட்டேன், இனிமேல் இதைப் பற்றி என்னிடம் பேசாதே.

அம்மாவிடம் தம்புள்ளைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு கண்டிக்குப் போனேன். நீ சொன்னதற்காக இல்லை.

நீ சொன்னதுதான். படத்தில் கடைவாய்ப் பல்லிலிருந்து காதடி வரைக்கும் எலும்புக்குள் கறுப்பாக ஓடியிருந்தது. கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பழைய கட்டியேதான், முன்னையை விடப் பெரிது.

டொக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, தாடையில் அந்தத் துண்டை அப்படியே வெட்டி எடுத்துவிட்டு உலோகத் தகடு வைப்பது. அப்படிச் செய்தால் திரும்பி வருவது மிகக் குறைவு. மற்றது, கட்டியில் ஒரு ஓட்டை போட்டுச் சின்னக் குழாய் ஒன்று வைப்பது. நான் தினமும் அதற்குள் மருந்துத் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். மாதக்கணக்கில் கட்டி சுருங்கி, சுற்றிலும் எலும்பு வளரும். பிறகு மிச்சத்தைத் தோண்டி எடுத்து, குழிக்கு மருந்து வைத்து, எலும்பையும் கொஞ்சம் சுரண்டுவார்கள். தாடை தப்பும். ஆனால் பத்து வருடம் விடாமல் போய்ப் படம் எடுத்துக் காட்ட வேண்டும்.

எனக்கு ரெண்டாவது என்று உடனே சொன்னேன். அவர் என் பழைய அட்டையைத் திருப்பினார். 2017க்குப் பிறகு ஒரு முத்திரை கூட இல்லை. சிங்களத்தில், கோபம் இல்லாமல்தான் சொன்னார். வரச் சொன்ன நாளில் ஒரு தரமும் வராதவருக்குக் குழாயை வைத்து அனுப்ப எனக்குப் பயமாக இருக்கிறது, உங்களுக்கு முதலாவதுதான் பாதுகாப்பு என்றார். யோசித்துவிட்டு அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்.

தாடையை வெட்டுவது கூட இருக்கட்டும். ஒரு மனிதர் என் முகத்துக்கு நேரே, நீ வர மாட்டாய் என்று சொல்லிவிட்டார். என்னை! நேர்த்தி முடித்ததால்தான் வரவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்? வாக்கைக் காப்பாற்றுகிறேன் என்று இருந்து வாக்குத் தவறினவளாகிவிட்டேன். தூக்கம் வரவில்லை. நீ பல் மிஸ்தானே, என்ன செய்யலாம் என்று உனக்குத் தெரிந்தால் எழுது. தெரியாவிட்டால் விடு.

விஜிதா


வில்கமுவ
18.6.2023

அன்புள்ள மச்சாள்,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். நான் வென்றேன் என்று எனக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை. பயமாகத்தான் இருந்தது.

டொக்டர் சொன்ன இரண்டும் சரியான வழிதான். அவருடைய பயமும் நியாயம். குழாய் வைத்தவர்கள் கழுவாமல் விட்டால் ஓட்டை அடைத்துவிடும், கட்டி பழையபடி பெருக்கும். கடைசி ஆபரேஷனுக்குப் பிறகு திரும்பி வராவிட்டால், உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தகடு வைத்தாலும் நீங்கள் ஐந்து பாஷையும் பேசுவீர்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் உங்கள் தாடை உங்களுக்கு இருக்க வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை.

எனக்குத் தெரிந்தது இதுதான். அடுத்த மாதம் நானும் கண்டிக்கு வருகிறேன். நானும் அரசாங்கத்தில் பல் பகுதியில் வேலை செய்கிறவள், இவர் என் கணவரின் அக்கா, ஒவ்வொரு திகதிக்கும் கூட்டிக்கொண்டு வர நான் பொறுப்பு என்று சொல்கிறேன். தேவையென்றால் எழுதியும் கொடுக்கிறேன். அவர் கேட்பார்.

அம்மன் விஷயத்தில் நான் வாய் திறக்க மாட்டேன். என் அம்மாவும் நேர்த்தி வைக்கிறவதான். ஆறு வருடம் நீங்கள் நோவில்லாமல் பேசிப் பிழைத்தீர்கள், அது பொய்யில்லை.

லோஜனா


பலாபத்வல
6.8.2023

லோஜனாவுக்கு,

கண்டிக்கு வரப் பஸ் ஏறாதே என்று கிஷாந்திடம் சொல்லி அனுப்பினேனே, கிடைத்திருக்கும். எனக்குப் பிணை நிற்க இன்னொருத்தியா? நான் என்ன களவெடுத்துவிட்டா நிற்கிறேன்? உன் நல்ல மனசு தெரியாமல் சொல்லவில்லை. ஆனால் நீ கையெழுத்து வைத்து அவர் என்னை நம்பினால், அவர் நம்பினது உன்னைத்தானே.

கிளினிக்குக்கு முந்தின வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டுதான் போனேன், எல்லாவற்றையும் வழியில் சொல்லிவிட்டேன். சந்நிதியில் நின்று யோசித்தேன். முதல் தரம் நாங்கள் நேர்ந்தது, சுகமாக்கிக் கொடு, வெள்ளி தருகிறேன் என்று. அவள் கொடுத்தாள், நாங்கள் கொடுத்தோம், கணக்குத் தீர்ந்தது. கணக்குத் தீர்ந்ததால்தான் போகவில்லை. அப்படியானால் தீராத ஒரு நேர்த்தியாக நேர்ந்துவிட்டால் என்ன?

புது மஞ்சள் துணியில் காசு முடிந்தேன். சுகம் கேட்கவில்லை. "ஆத்தா, அவங்க சொல்ற நாள்ல எல்லாம் பத்து வருஷம் நான் போய் நிப்பேன். அதுதான் என் நேர்த்தி. மழையோ வெயிலோ, தப்பினா நீயே கேளு." இவ்வளவுதான் சொன்னேன். அம்மா பக்கத்தில் நின்று கேட்டார். முடிச்சை வாங்கி இன்னொரு தரம் இறுக்கிக் கட்டிக் கொடுத்தார்.

கிளினிக்கில் டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளித் தாடை, ஏன் வரவில்லை, இப்போது என்ன நேர்ந்திருக்கிறேன், எல்லாம். சிங்களத்தில் நேர்த்தியை பாரய என்பார்கள். நான் பாரய வைத்திருக்கிறேன் என்றதும் எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்துவிட்டார். அவருடைய தாயாரும் அப்படி வைக்கிறவராம். "அப்படியென்றால் நீங்கள் வருவீர்கள்" என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை.

குழாய் வைத்தாயிற்று. எனக்கு நீ பிணை நிற்க வேண்டாம், ஆத்தா நிற்கிறாள். ஆனால் சிரிஞ்சால் கழுவுகிறது எப்படி என்று அங்கே காட்டித் தந்தது அரைகுறையாகத்தான் விளங்கியது. உனக்கு லீவு கிடைத்தால் வா. வந்தால் அதிகாரம் பண்ணாதே.

விஜிதா


வில்கமுவ
21.4.2024

அன்புள்ள மச்சாள்,

உங்களுக்கு இரண்டு கிழமைக்குப் பேச்சு இல்லை என்று டொக்டர் சொல்லிவிட்டதால், போனில் என் நம்பரை விடுவித்த பிறகும் கடிதமே எழுதுகிறேன். நீங்கள் பதில் பேச முடியாத நேரத்தில் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

குழாய் வைத்த முதல் கிழமை நான் வந்து நின்றபோது, சிரிஞ்சைப் பிடிக்கிற விதத்துக்காக இரண்டு பேரும் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? "நான் மிளகு நட்டவ, எனக்கு கை நடுங்காது, விடு" என்று பிடுங்கினீர்கள். அதன் பிறகு எட்டு மாதம் ஒரு நாளும் விடாமல் கழுவியிருக்கிறீர்கள். ஆபரேஷனுக்கு முந்தின படத்தைப் பார்த்தேன். காதடி வரை ஓடின கறுப்பு, பாதிக்கு மேல் சுருங்கி வெள்ளையாகியிருந்தது. படிக்கிற காலத்தில் எங்களுக்குப் படமாகக் காட்டினதை, சொந்த ஆளின் தாடையில் இப்போதுதான் பார்க்கிறேன். டொக்டர் தன்னிடம் படிக்கிறவர்களைக் கூப்பிட்டு, "இது இவர் செய்த வேலை" என்று உங்களைக் காட்டினாராம். நீங்கள் அப்போது மயக்கத்தில் இருந்தீர்கள். அதனால் நான் சொல்கிறேன்.

பின்னால் இருந்த இரண்டு பல் போனது போனதுதான். உதடு மெதுவாகத்தான் விழிக்கும், கொஞ்சம் மரத்தபடியே இருந்தாலும் இருக்கும். குழிக்கு மருந்து வைத்துச் சுரண்டியிருக்கிறார்கள், நன்றாகச் செய்திருக்கிறார்கள். ஆனாலும் மச்சாள், இது முடிந்துவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நானும் சொல்ல மாட்டேன். உங்களுக்குத் தெரியும். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

யாழ்ப்பாணத்துக்குப் போனபோது அம்மாவிடம் உங்களைப் பற்றிச் சொன்னேன். "எங்கட மச்சாள் மாதிரி ஒருத்தி இல்லை" என்றேன். அம்மா, "அவவோட நீ கதைக்கிறேல்லை எண்டெல்லே சொன்னனி" என்று கேட்டார்.

லோஜனா


பலாபத்வல
23.2.2025

லோஜனாவுக்கு,

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் சொன்னால் நடுவில் நீ பேசுவாய்.

ஒக்டோபரில் என் திகதி வந்தது. அன்றைக்கு விடியற்காலையிலிருந்து கொட்டு கொட்டு என்று கொட்டுகிறது. "இன்னைக்கு நாளாச்சேடி, பஸ் இருக்குமா?" என்று என்னை எழுப்பினது அம்மாதான். பஸ் அக்குறணை வரைக்கும் போய் நின்றுவிட்டது. வழக்கம் போல கடைவீதி முழுக்க வெள்ளம். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் போகிறார்கள். நான் செருப்பைக் கையில் எடுத்தேன். சாமான் ஏற்றிக்கொண்டு தண்ணீருக்குள் போன ட்ராக்டர் ஒன்றில் கெஞ்சி ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, வேறு பஸ் பிடித்துக் கண்டிக்குப் போனேன்.

போனால் கிளினிக் வெறிச்சென்று கிடக்கிறது. டொக்டரும் மாத்தளைப் பக்கத்திலிருந்து வருகிறவர், வெள்ளத்தில் அவரால் வர முடியவில்லை. நர்ஸும் இல்லை. நல்லம்மா என்று ஒரு அக்கா மட்டும் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "யாருமே இல்லையேம்மா, இந்த மழையில நீ எதுக்கு வந்த?" என்றார். அட்டையை நீட்டினேன். "நான் வந்தேன்னு இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றேன். "நான் கூட்டுறவ, என் கையெழுத்து எதுக்கு?" என்றார். "நான் வந்தத பாத்தது நீங்க மட்டும்தானே" என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அந்தத் திகதிக்கு நேரே நிதானமாக எழுதிக் கொடுத்தார்.

அடுத்த கிழமை டொக்டர் அட்டையைப் பார்த்தார். நல்லம்மா என்பது யார் என்று கேட்டார். சொன்னேன். "நானே வராத அன்றைக்கு நீங்கள் வந்தீர்களா?" என்றார். வந்தேன் என்றேன். லோஜனா, அன்றைக்கு அந்தக் கதிரையில் நான் உட்கார்ந்த உட்காரல் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதலாளியம்மா மாதிரி.

படம் சுத்தம். குழி எலும்பால் நிரம்பி வருகிறது. "இதுவரைக்கும் இல்லை" என்றார். அந்தச் சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. சுகம் என்று சொல்லி என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை, அடுத்த திகதி தந்தார். உதட்டில் ஒரு சின்னக் காசளவு இன்னும் மரத்திருக்கிறது. அது இருக்கட்டும், தேநீர் வழிகிறதில்லை. ஜெர்மன்காரர் வந்தால் ஜிப்ரி இன்னும் என்னைத்தான் தேடுகிறார்.

அடுத்த மாதம் தேர். எப்போதும் போல மோர்ப் பந்தல் போடுகிறேன். உன்னைப் போன தடவையும் கூப்பிடவில்லை, அதற்கு முந்தின தடவை நடந்தது ஊருக்கே தெரியும். இந்தத் தடவை சொந்தக்காரர் எல்லோரும் கேட்பார்கள், வெள்ளித் தாடை எப்போது போடப் போகிறாய் என்று. நேர்த்தி முடியவில்லை, இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது என்று சொல்வேன். நம்ப மாட்டார்கள், சுகமானதை மறைக்கிறேன் என்பார்கள், திரும்ப வந்ததை மறைக்கிறேன் என்றும் நாலு பேர் சொல்வார்கள்.

அதனால் நீ வர வேண்டும். எனக்குப் பக்கத்தில் நின்று மோர் வார்க்க வேண்டும். வரும்போது உன் டோர்ச்சையும் கொண்டு வா. போன் வெளிச்சம் போதாது, பெரிய டோர்ச்சாக எடு. அத்தனை பேருக்கும் முன்னால் நானே வாயைத் திறக்கிறேன், நீ பார்த்துச் சொல்.

இப்படிக்கு,
உன் மச்சாள்
விஜிதா